இரண்டரை அடி வாசல்

எங்கள் நிலக்கரிச் சுரங்க நிறுவனத்து ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. வெள்ளைச் சுவர், பச்சைக் கம்பிக் கதவு, மேலே 'பெண்கள் இஸ்லாமியக் கல்வி மையம்' என்று எழுத்து. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'நம் டிராயிங் செக்‌ஷன் விமலா மேடத்தின் கைவண்ணம். பெருமைப்படுவோம்.' அதற்கடியில் கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நான் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என் பெயர் எங்கேயும் இல்லை.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி ஜைனபு நிமிராமலே கேட்டாள்.

"வயித்தெரிச்சலா?"

"காலையில தின்ன பரோட்டா சரியில்ல."

"இட்லிதான தின்னீங்க."

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, எங்கள் செக்‌ஷனில் இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் மூன்று முறை போன் செய்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி வரைந்தீர்கள் என்று எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். ஆனால் அந்தப் படத்தைப் பற்றியும் எழுதுவேன். அந்தக் கட்டடத்தை வரைந்தது கமால், அதாவது நான். சரிபார்த்தது விமலா. இதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்தான். விளக்கம் முடியும்போது எனக்கே இது சாதகமாக இருக்குமா என்பது வேறு விஷயம்.

நான் பட்டமோ பட்டயமோ வாங்கியவன் இல்லை. கான்ட்ராக்ட் ஆளாக அமோனியா பிரிண்ட் அறையில் சேர்ந்தேன். பெரிய வரைபடங்களை மெஷினில் விட்டு நகல் எடுக்கிற வேலை. கண்ணும் மூக்கும் எரியும். நகல் காய்கிற நேரத்தில் அதிலிருக்கும் எழுத்துகளைப் பார்த்து, வீணான தாள்களின் பின்பக்கம் எழுதிப் பழகினேன். பிறகு கோடு. பிறகு கதவு, ஜன்னல், படிக்கட்டு. அப்படியே டிரேசர், பெர்மனென்ட், டிராஃப்ட்ஸ்மேன். என் படிப்பு இவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் அந்த அறையில்தான் ஒட்டிக்கொண்டது. யாராவது நறுக்கென்று ஒன்றைச் சொன்னால் அதே வீணான தாளில் குறித்துக்கொள்வேன். பிரிண்ட் அறை ஃபோர்மேன் ஒருநாள் சொன்னார்: "கமாலு, அமோனியா கிட்ட வந்தாத்தான் கண்ணுல தண்ணி வரும். ப்ரமோஷன் லிஸ்ட்டு நோட்டீஸ் போர்டுல இருந்தே வர வெச்சிடும்." அதுதான் என் தாளில் முதல் வரி. அவர் சொன்னதன் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

நான் பெர்மனென்ட் ஆன அதே மாதம் விமலா வந்து சேர்ந்தார். அப்பா வேலையில் இருக்கும்போதே நோயில் காலமானதால் மகளுக்குக் கிடைத்த வேலை. அவருக்கும் பெரிய படிப்பு கிடையாது. பக்கத்துப் பக்கத்து மேஜை, ஒரே சம்பளம், ஒரே பிளாக்கில் குவார்ட்டர்ஸ். எனக்குச் சரிசமம். பொறாமைக்கு அதுதான் வேண்டும். மேலே இருப்பவர்கள் மீது எனக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. அவர்களைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும். விமலாவைப் பார்க்க முகத்தைத் திருப்பினால் போதும்.

எங்கள் செக்‌ஷனுக்குத் தலைவர் ரங்கநாதன் சார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரே ஒரு சிவப்புப் பென்சில். நல்லாருக்கு என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. நல்லா இருந்தால் ஓரத்தில் கடுகு அளவுக்கு ஒரு டிக். அவ்வளவுதான். அவர் வரைபடம் பார்க்கும் முறையை இப்போதைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அளவுகளை முதலில் பார்க்க மாட்டார். தாளை மேஜையில் விரித்து, வலது ஆள்காட்டி விரலைப் படத்தில் இருக்கும் கேட்டின் மேல் வைப்பார்.

"நான் இப்ப ஷிஃப்ட் முடிச்சி வர்றேன். மேலெல்லாம் கரி. பசி."

விரல் நடக்க ஆரம்பிக்கும். கேட்டைத் தாண்டி, நடை ஏறி, கதவைத் திறந்து, உள்ளே போகும். ஒருநாள் அவர் கூட்டுகிற ஆள், ஒருநாள் கால் உடைந்த கிழவர், ஒருநாள் கர்ப்பிணி. எங்கேயாவது அந்த ஆளால் போக முடியாவிட்டால் விரல் அங்கேயே நின்றுவிடும். சார் பேச மாட்டார். நாமே கண்டுபிடிக்கிற வரை விரலை எடுக்கவும் மாட்டார். ஒருமுறை பதினைந்து நிமிஷம் நின்றது. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அது மைன்ஸ் ஆட்களுக்காக வரைந்த கேன்டீன். செக்‌ஷனில் என் எழுத்துதான் அழகு என்று பெயர் வாங்கியிருந்த காலம். விரல் சாப்பாட்டு ஹால் நடுவே நின்றது. நான் ஜன்னலைப் பார்க்கிறேன், தூணைப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து மேஜையிலிருந்து விமலா, தலையைத் தூக்காமல், சொன்னார்.

"சார், சாப்பிட்டு முடிச்ச அப்பறம்தான் கை கழுவற எடம் வருது. கரிக் கையோட எப்படி சோத்தத் தொடுவாங்க?"

சார் விரலை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. "நாளையிலேருந்து கமால் வரையறத விமலா சரி பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வரைபடத்தின் வலது கீழ்மூலையில் ஒரு கட்டம் இருக்கும், டைட்டில் பிளாக் என்போம். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று வரி. அன்றிலிருந்து முதல் வரியில் என் பெயரின் முதலெழுத்து, அதற்கு அடுத்த வரியில் அவருடையது. முப்பது வருஷம். நான் வேண்டுமென்றே சின்னத் தப்புகளை ஒளித்து வைத்து அனுப்பிப் பார்த்திருக்கிறேன், ஒரு கதவு தப்பான பக்கம் திறக்கிற மாதிரி, ஒரு படி குறைகிற மாதிரி. எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பி வரும். ஒரே ஒருமுறை ஒன்று தப்பிவிட்டது. அன்று கேன்டீனில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை விமலா அதே தாளோடு வந்து, "கமால் பாய், நேத்து டீக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்று சொல்லி வட்டத்தைக் காட்டினார்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு விதி இருந்தது. சரிபார்ப்பவர் வட்டம் மட்டும்தான் போடலாம். கோட்டைத் தொடக் கூடாது. யார் போட்ட கோடோ அவர்தான் அதை அழிக்க வேண்டும். டிரேசிங் தாளில் மையை அழிப்பது லேசான காரியம் இல்லை. அரை பிளேடைச் சாய்த்துப் பிடித்து, தாள் கிழியாமல் மையை மட்டும் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் வழவழவென்று தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோடு ஊறிவிடும். "தப்பு பண்ணவன் கையே அதச் சொரண்டினாத்தான் அடுத்த தடவ அந்தக் கை அங்க போவாது" என்பார் சார். இதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

பணி ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டோம். விமலாவும் இரண்டு தெரு தள்ளி. நான் வீட்டுக் கூடத்தில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், கையால்தான். விமலா ரிட்டயர் ஆவதற்கு முன்பே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி ஹனீபா பாய் வந்தார். நல்ல பருமன், டவுன்ஷிப் ஆர்ச் கேட் பக்கம் பெயின்ட் கடை. நாற்காலியில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பெண்கள் குர்ஆன் ஓத, பொருள் படிக்க, மார்க்கம் தெரிந்துகொள்ள ஒரு கல்வி மையம் கட்ட வேண்டும். அதுவரை ஒரு டீக்கடைக்கு மேலே மாடியை வாடகைக்கு எடுத்துத்தான் ருகையா ஆலிமா பாடம் நடத்தினார். மார்க்கக் கல்வி முறையாகப் படித்த பெண்மணி. டவுன்ஷிப் பெண்கள் மட்டுமில்லை, குறிஞ்சிப்பாடியிலிருந்து தறிக்காரக் குடும்பத்துப் பெண்கள், காடாம்புலியூரிலிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் என்று பஸ் பிடித்து வருவார்கள். என் ஜைனபுவும் அங்கேதான் போவாள். ஒரு குடும்பம் பஸ் ரோட்டு மேலேயே மனை கொடுத்துவிட்டது.

"நீங்களே வரைங்க கமால் பாய். வாசல்ல கல்வெட்டு வெப்போம். வடிவமைப்புன்னு ஒங்க பேரப் போட்டுடுவோம்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. ஒரு ஆயுசு முழுக்கக் கோடு போட்டவன் நான். ஒரு கட்டடத்துக்கு முன்னால் நின்று, இது என்னுடையது என்று சொல்ல ஒரு செங்கல் இல்லை. என் பெயரெல்லாம் ஒற்றை எழுத்தாக ரெக்கார்டு ரூமில் சுருட்டிக் கிடக்கிறது. அதற்குக் கீழே விமலாவின் எழுத்து வேறு. இது ஒன்றாவது என் பெயரோடு நிற்கட்டும், அடுத்த வரி இல்லாமல் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் வரைந்தேன். பெண்களுக்கு என்ன வேண்டும் என்று முறைப்படி கேட்கத்தான் செய்தேன். நான் ஹனீபா பாயிடம் கேட்டேன், அவர் வீட்டில் கேட்டார், அவர் வீட்டம்மா மாடியில் கேட்டார்கள். அந்தப் பதில் அதே வழியில் திரும்பி வந்து சேரும்போது, 'வசதியா இருந்தா போதும்' என்று ஆகியிருந்தது. நானும் என் பங்குக்கு டீக்கடையில் உட்கார்ந்து கவனித்தேன். பாட நேரத்தில் மாடிப்படியில் எப்போதும் நாலைந்து பெண்கள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இடம் பற்றவில்லை போல என்று ஹாலை இன்னும் பத்தடி பெரிதாக்கினேன். எவ்வளவு கவனமான ஆள் பாருங்கள்.

முன்பக்கம் மூன்று வளைவுகளோடு போர்டிகோ. அதை ஒட்டி பள்ளிவாசல் கமிட்டி அலுவலகம், தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்கு ஓர் அறை, விருந்தினர் அறை. பின்னால் தொழுகைக்கும் பாடத்துக்கும் சேர்த்து ஒரே பெரிய ஹால். பக்கத்தில் ஆறடிச் சந்து. அதில் ஜெனரேட்டர், செப்டிக் டேங்க், அதைத் தாண்டி இரண்டரை அடியில் ஒரு கதவு. என் நல்ல கையெழுத்தில் அதற்குப் பக்கத்தில் எழுதினேன்: பெண்கள் வாசல்.

ஜைனபு தேநீர் கொண்டுவந்தவள் தாளைக் குனிந்து பார்த்தாள்.

"முன்னாடி இருக்கறது யாரு வர்ற வழி?"

"கமிட்டி, ஹஜ்ரத், வெளியூர்லேருந்து வர்ற பெரியவங்க."

"நாங்க?"

"இதோ, தனி வழி. யாரும் பாக்க மாட்டாங்க. பத்திரம்."

"ம்" என்றாள். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவளுடைய 'ம்'களை நான் வகை பிரித்து வைத்திருக்கிறேன். அன்று தப்பான வகையில் போட்டுவிட்டேன்.

கமிட்டியில் பதினோரு பேர். எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். "பாய், அந்த மூணு ஆர்ச்சு போதும், கடலூர்லேருந்து ஆளுங்க பாக்க வருவாங்க" என்றார் ஹனீபா பாய். அன்று நான் சைக்கிளை மிதிக்கவில்லை, அது தானாகப் போனது.

இரண்டு நாள் கழித்து அலமாரியைத் திறந்தால் சுருள் இல்லை.

"ஏ ஜைனபு, ப்ளான் எங்க?"

"விமலாக்கா வூட்ல."

அலமாரிக் கதவை அறைந்து மூடினேன்.

"யாரக் கேட்டு எடுத்துக்கினு போன?"

"நான் உள்ள போற கட்டடம். ஒருத்தரக் கேக்கக் கூடாதா?"

"என்னக் கேட்டிருக்கலாமில்ல?"

"ஒங்களத்தான் மொதல்ல கேட்டேன். பத்திரம்னீங்க."

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை எரித்தது. ஜைனபு விமலாவை ஆலிமாவிடம் அழைத்துப் போய்விட்டாள். மூன்று மதியம் விமலா அந்த மாடியில் பெண்களோடு உட்கார்ந்தார். நெற்றியில் பொட்டோடு, என் வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு. நான் கீழே டீக்கடை பெஞ்சில். பாட நேரத்தில் ஆண்கள் மேலே போவதில்லை, போகவும் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மேலேயிருந்து சிரிப்பு வந்தது. ஒருவர் சிரிப்பில்லை, பத்திருபது பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. அதில் ஜைனபுவின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

டீக்கடை செல்வம் ஆற்றிக்கொண்டே மேலே பார்த்தான். "பாய், ஒங்க ப்ளானத்தான் படிச்சிகினு இருக்காங்கன்றீங்க. நான் ஏதோ காமெடிப் படம் ஓடுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"டீயப் போடுப்பா."

"டீ வேணாம் பாய். ஒங்க மூஞ்சிக்கு மோரு தர்றேன்."

என் சனங்கள், என் மார்க்கம், என் வரைபடம், என் வீட்டுக்காரி. இவ்வளவும் மேலே ஒரே அறையில் விமலாவோடு இருந்தது. நான் கீழே மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் விமலா என் வீட்டுக்கு வந்தார். ஹனீபா பாயும் வந்திருந்தார். ஜைனபு சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். விமலா என் மேஜையில் என் தாளை விரித்தார். பையிலிருந்து சிவப்புப் பென்சில் எடுத்தார். ஆனால் முதலில் விரலைத்தான் வைத்தார். ரோட்டின் மேல்.

"நான் காடாம்புலியூர் பஸ்ல வந்து எறங்கறேன். இடுப்புல கொழந்த. காலையிலேருந்து முந்திரிக் கொட்ட ஒடச்சிருக்கேன், கையெல்லாம் பால் பட்டுக் கருப்பா இருக்கு."

அது ரங்கநாதன் சாரின் விரல். சார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த விரலை மட்டும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், எனக்குக் கொடுக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

விரல் ரோட்டோடு நடந்தது. மூன்று வளைவுகளுக்கு முன்னால் வந்தது. நிற்கவில்லை. என் போர்டிகோவைத் தாண்டி, சுற்றுச்சுவர் ஓரமாகப் போய், மூலையில் திரும்பி, சந்துக்குள் நுழைந்தது. ஜெனரேட்டரைத் தாண்டியது. செப்டிக் டேங்க் மேல் ஏறி இறங்கியது. இரண்டரை அடிக் கதவுக்கு முன்னால் நின்றது. எடுக்கவில்லை.

ஹனீபா பாய் என்னைப் பார்த்தார். நான் கதவின் அளவைப் பார்த்தேன். சந்தின் அளவைப் பார்த்தேன். கேன்டீன் நாளில் ஒட்டிய மாதிரியே சட்டை முதுகில் ஒட்டியது.

"கமால் பாய், இந்தக் கட்டடத்துக்கு யாரு வர்றாங்க?"

"பொம்பளைங்க."

"பொம்பளைங்க மட்டும்தான?"

"ஆமா."

"அப்ப முன்வாசல் யாருக்கு?"

அப்போதுதான் பார்த்தேன், சத்தியமாக அப்போதுதான். பெண்களுக்கு மட்டுமேயான கட்டடத்தில் பெண்களுக்குச் சந்துக்குள் தனி வாசல் போட்டு வைத்திருக்கிறேன். பள்ளிவாசலோ கல்யாண மண்டபமோ வீடோ, எதை வரைந்தாலும் பெண்களுக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு போட்டுப் போட்டு, கை தானாக அங்கே போய்விட்டது. என் கை மட்டுமில்லை. பதினோரு பேர் பார்த்தார்கள், பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவருக்கும் உறுத்தவில்லை.

"அட" என்றார் ஹனீபா பாய்.

விமலா அதோடு விடவில்லை. சிவப்பு வட்டங்கள் வரிசையாக விழுந்தன. முந்திரிக் கைக்கு முதலில் எண்ணெயும் சாம்பலும் போட்டுக் கழுவ ஒரு தொட்டி, அதற்கப்புறம்தான் தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்கிற குழாய். நாள் முழுக்கத் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டிருக்கும் பெண்களுக்குச் சம்மணம் போட முடியாது, சுவரோரம் பெஞ்சு. தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி. பிறகு பென்சில் பெரிய ஹாலுக்கு வந்தது.

"பாடம் நடக்கற எடமும் தொழற எடமும் ஒண்ணாப் போட்டிருக்கீங்க. மாசத்துல தொழக் கூடாத நாள்ல அவங்க எங்க ஒக்காந்து படிப்பாங்க?"

ஹனீபா பாய் திடீரென்று மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

"மாடியிலயும் ஒரே ரூம்தான். அந்த நாள்ல மரியாதைக்காக வெளிய படிக்கட்டுல ஒக்காந்துதான் பாடம் கேக்கறாங்க. பாடத்தையும் வுட மனசில்ல."

படிக்கட்டு. டீக்கடையிலிருந்து நான் பார்த்த படிக்கட்டு. உள்ளே இடம் பற்றவில்லை என்று ஹாலைப் பெரிதாக்கினேனே, அந்தப் படிக்கட்டு.

வெட்கம் வர வேண்டிய இடம். எனக்கு வந்தது கோபம்.

"இதெல்லாம் ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"அவங்கதான்."

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே! நான் அவங்க ஆளு."

"நீங்க கேட்டது ஹனீபா பாயை" என்றார் விமலா. குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். "அப்ப நீங்களே வரைஞ்சிக்குங்க. கம்ப்யூட்டர்தான் இருக்கே."

ஜைனபு உள்ளே போய்விட்டாள். ஒன்பது நாள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று: விமலா வரைந்துவிட்டார், கல்வெட்டில் அவர் பெயர் போகிறது என்ற செய்தி. அதை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் ஹனீபா பாய் அதே சுருளோடு வந்தார்.

"மேடம் கோடே போட மாட்டேங்கறாங்க பாய். வரைஞ்சவரு உசுரோட இருக்கும்போது சரி பாக்கறவங்க கோட்டத் தொடக் கூடாதாம். ஒங்க ஆபீஸ் சட்டமாமே? நீங்க திருத்தலன்னா கடலூர்ல வேற இன்ஜினியரப் பாக்கறோம். அவரு மட்டும் மாடிக்குப் போயா கேக்கப் போறாரு? மறுபடியும் சந்துதான் வரும்."

சுருளைப் பிரித்தேன். வட்டங்கள் மட்டும்தான் இருந்தன. ஒரு கோட்டையும் அவர் தொட்டிருக்கவில்லை.

ஜைனபு வந்து பக்கத்தில் ஒரு புது பிளேடை வைத்துவிட்டுப் போனாள்.

புதுத் தாளில் வரைந்திருக்கலாம். வரையவில்லை. அதே தாளில்தான் சுரண்டினேன். 'பெண்கள் வாசல்' என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். நல்ல எழுத்து, ஆழமாகப் பிடித்திருந்தது. நகத்தால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி கன்றிவிட்டது. முன்பக்க அறைகள் மூன்றும் போயின. ஹால் இரண்டானது, ஒன்று தொழ, ஒன்று படிக்க. முன்னால் ஐந்தடியில் கதவு போட்டேன். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். 'வாசல்' என்று மட்டும் எழுதினேன்.

கமிட்டி உட்கார ஒரு சின்ன அறை வேண்டுமென்றார்கள். அதற்கு மிச்சமிருந்தது சந்துப் பக்கம்தான். விமலாவிடம் காட்டினேன்.

"அந்தக் கதவ மூணரையாக்கிடட்டா? ரெண்டரை அடி பத்துமா?"

"எங்களுக்குப் பத்தும்னுதான நெனச்சீங்க" என்றார். "இருக்கட்டும்."

ஓரத்தில் சிவப்பு டிக் போட்டார். கடுகு அளவுதான்.

கல்வெட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆலிமா வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "ஒரு நாள் வர்றவங்க பேரக் கல்லுல போட்டுட்டா, தெனமும் வர்றவங்க பேர எங்க போடறது?" என்றாராம். நான் கல்லுக்காக விட்டிருந்த இடத்தில் இப்போது குழந்தைகளின் பைகள் தொங்க ஒரு பலகை இருக்கிறது. என் பெயர் போயிற்றே என்று வருத்தம் இருந்தது, மறைக்க மாட்டேன். விமலா பெயரும் இல்லை என்பதில் அந்த வருத்தம் பாதி ஆறியது, அதையும் மறைக்க மாட்டேன்.

திறப்பு நாள். பஸ்கள் வந்து வந்து பெண்களை இறக்கின. ரோட்டிலிருந்து நேராக அந்த ஐந்தடி வாசலுக்குள் போனார்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல், வேறு வழியே இந்த உலகத்தில் இருந்ததில்லை என்பது போல. விமலாவும் பட்டுச் சேலையில் அந்த வழியாகத்தான் போனார். ஆண்கள் நாங்கள் சந்துக்குள் போனோம். முன்னால் ஹனீபா பாய். ஜெனரேட்டர் மூச்சு விட்டது. செப்டிக் டேங்க் மூடியில் எனக்கு முன்னால் போனவர் தடுக்கினார். இரண்டரை அடிக் கதவில் ஹனீபா பாய் நேராக நுழையப் பார்த்தார், முடியவில்லை, பக்கவாட்டில் திரும்பினார், வயிறு நிலையில் உரசியது.

"யாருய்யா போட்டது இந்த வாசல?"

"பதினோரு பேரு கையெழுத்துப் போட்டீங்களே பாய், அதே வாசல்தான்" என்றேன்.

உள்ளே கமிட்டி அறையில் உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஓதுகிற சத்தம், நடுவே ஒரு குழந்தையின் அழுகை, தூளிக் கொக்கி கிறீச்சிடுவது எல்லாம் கேட்டது. கட்டும்போது அந்த ஹாலுக்குள் நூறு தடவை நடந்திருக்கிறேன், காலியாக இருக்கும்போது. ஆட்களோடு நான் அதைப் பார்க்கப் போவதில்லை. விமலா பார்க்கிறார். இதுதான் என் மொத்தப் பொறாமைக்கும் அடிவேர் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது. போன மாதம் வாட்ஸ்அப்பில் வந்த படமும் அந்த வாசலோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் எனக்கு அனுமதியில்லை.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது பழைய தாளை எடுத்து மேஜையில் விரித்தேன், அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ள. ஜைனபு பாடம் முடிந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, பக்கத்தில் நின்றாள்.

"எழுதறீங்களா? என்னைய எங்க வெச்சிருக்கீங்க?"

"நீயே காட்டு."

ரோட்டின் மேல் விரலை வைத்தாள். நடந்தாள். வாசல் என்று எழுதிய இடத்தில் நுழைந்தாள். செருப்பு விட்டாள். ஒளு செய்கிற இடத்தில் கொஞ்சம் நின்று, தொழுகிற ஹாலைத் தொடாமல் வலப்பக்கம் திரும்பி, பாட அறைக்குள் போனாள். ஜன்னலோரம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

நான் காத்திருந்தேன். விரல் நகரவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். பெஞ்சின் உயரத்தைப் பார்த்தேன். கதவு திறக்கிற பக்கத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"என்னாச்சு? அங்க என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணுமில்ல" என்றாள் ஜைனபு. "ஒக்காந்துட்டேன்."